மூன்று ஏணிக்குறி ஓடுகள்

"ஓட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே மேடம், அந்தமட்டுக்கும் நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர் காலையிலிருந்து ஆறாவது ஆள். பொதுப்பணித்துறைக்காரர். சுவரில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வந்தவர், சுவரை விட்டுவிட்டு மேசையைப் பார்த்துக் கருத்துச் சொல்லிவிட்டுப் போகிறார். வடிவு தலையை ஆட்டினாள். ஆட்டாமல் என்ன செய்ய. செண்பகவடிவு என்கிற முழுப்பெயரோடு பதினெட்டு வருஷமாக இந்த அருங்காட்சியகத்தின் மாடியில், கெட்டுப்போகிற பொருளைக் கெடாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம் பார்க்கிறாள். இதில் தலையாட்டுவதும் ஒரு பாதி வேலை. ஒன்றும் ஆகவில்லைதான். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் மண்ணுக்குள் கிடந்த பானை ஓடு கீழ்த்தளத்தில் மூன்று நாள் நின்ற ஆற்று வெள்ளத்துக்கா கரைந்துவிடும்? ஓவியங்களுக்கு ஆயிற்று, ஏட்டுக்கட்டுக்கு ஆயிற்று, வைக்கோல் அடைத்த முதலைக்கு ஆயிற்று, அது ஊறி வயிறு பிளந்து இப்போது மொட்டைமாடியில் காய்கிறது, அதன் நாற்றம் படி வழியாக இறங்கி இவள் சாப்பாட்டுப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓடுகள் மட்டும் தலைக்குக் குளித்த பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று இருக்கின்றன. அந்தப் பளிச்சுதான் வினை. முள்ளிமேட்டில் தோண்டியெடுத்த ஒவ்வொரு ஓட்டின் உட்பக்கத்திலும் எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று ஒரு எண் இருந்தது. இப்போது ஒன்றில்கூட இல்லை. எண் இல்லாத ஓடு என்றால் கொல்லையில் கிடக்கும் உடைசல், அவ்வளவுதான், அதற்குக் காவலுக்கு ஆள் போட வேண்டாம். இதைப் பொதுப்பணித்துறைக்காரருக்குச் சொல்லலாம். சொன்னால் எண் எப்படிப் போயிற்று என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற நானூறு ஓடுகள் கிடக்கட்டும். இந்தத் தட்டில் பஞ்சுமேல் வைத்திருக்கிற மூன்றுதான் இன்றைக்கு உயிரை எடுக்கின்றன. மூன்றும் கருப்பு சிவப்பு, மூன்றும் உள்ளங்கை அகலம், மூன்றிலும் வெளிப்பக்கம் ஏணி மாதிரி ஒரு கீறல். பதிவேட்டில் மூன்றுக்கும் ஒரே வரி: ஏணிக்குறி ஓடு. ஒன்று எண்பது சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது, ஒன்று நூற்றுப் பத்தில், ஒன்று முந்நூற்று நாற்பதில். அந்த முந்நூற்று நாற்பதுதான் சீமாட்டி. அந்த ஆழத்தில் கிடைத்த கரிக்கு வயது பார்த்துச் சொல்லியாகிவிட்டது. அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு பழங்காலத்தில், இந்த ஆற்றங்கரையில் ஒரு மனிதன் பானையில் குறி போட்டான் என்பதற்கு உலகத்திலேயே சாட்சி அந்த ஒரு ஓடு. மற்ற இரண்டும் மேல்மண்ணில் கிடைத்த பேத்திகள். இதில் பாட்டி யார், பேத்தி யார் என்று சொல்ல வேண்டும், பன்னிரண்டரைக்குள் சொல்ல வேண்டும், படிவத்தில் 'அடையாளம் உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் சென்னைக் கண்காட்சியில் நடுக்கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டி போட்டு விளக்கெல்லாம் வாங்கிவிட்டார்களாம். காப்பாட்சியர் இளம்பரிதி நேற்று சாயங்காலம் வந்து நின்றார். வேலூர்ப்பக்கத்து மனுஷர், வந்து எட்டு மாதம்தான், கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தாலாவது திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். "நீங்கதானே மேடம் நம்பர் எழுதினீங்க, உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? பாத்து ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். இவள் வாய் சும்மா இருந்ததா. "அந்த எலி கடிச்ச மாதிரி ஓரம் இருக்கே, அதுதான் சார்" என்றது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான், அதுதானா என்று தோன்றியது. ராத்திரி ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாம் தடவையும் போட்டாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார்.

மணி பதினொன்று. உறிஞ்சுதாள் மாற்ற வேண்டிய நேரம். நனைந்த பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாளைச் செருகி, இரண்டு மணிக்கொருதரம் ஊறிய தாளை உருவிவிட்டுக் காய்ந்ததை வைக்க வேண்டும். மூன்று வாரமாக ஆவுடைத்தங்கமும் இவளும் இதைத்தான் செய்கிறார்கள், ஊறிய தாளைக் கொடியில் போட்டுக் காயவைத்து மறுபடி அதையே செருகி. ஆவுடை இங்கே உதவியாளர், இவளைவிட ஆறு வயது மூத்தவள், கை அவ்வளவு பதம், வாய் அவ்வளவு பதமில்லை. அகழாய்வு நடத்திய அருளப்பன் சாரின் களக்குறிப்பேட்டை வடிவு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முக்கியமான ஓட்டையும் கையால் வரைந்து, அளவு போட்டு, ஆழம் எழுதி வைக்கிற மனுஷர், எலிக்கடியைக்கூட விடாமல் வரைந்திருப்பார். ஆனால் எதில்? மைப்பேனாவில். பென்சிலில் எழுதுங்க சார், பென்சிலுக்குத் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். "பென்சில்ல எழுதினா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கும்மா" என்பார். நேற்று முன்தினம் அந்தப் பக்கத்தைப் பிரித்தாள், மூச்சுப் பிடித்துக்கொண்டு, மூங்கில் சீவல் விட்டு. பக்கம் முழுக்க ஒரே நீலம். ஏணியும் இல்லை, ஆழமும் இல்லை, சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி. கேட்கலாம் என்றால் மனுஷர் போன வருஷம் அறிக்கையை அச்சுக்குக் கொடுக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எண்ணோடு எடுத்த புகைப்படங்கள் கீழ்த்தளக் கம்ப்யூட்டரில் இருந்தன, கீழ்த்தளம் கதவுநிலையின் உச்சி வரை தண்ணீரில் இருந்தது. ஓட்டில் ஒட்டியிருந்த மண்ணை வைத்தாவது எந்த அடுக்கு என்று பார்த்திருக்கலாம். அதை அவளே நல்ல தண்ணீரில் மென்மையான தூரிகையால் ஒரு துளி விடாமல் கழுவி வைத்திருந்தாள். அவ்வளவு நறுவிசு. இறந்தவர் மேல் கோபப்படுவது பாவம், ஆனாலும் கோபம் வந்தது, வரட்டும், பென்சிலில் எழுதியிருக்கலாம்.

அவர் மேல் கோபப்பட்டால் மட்டும்? கோபத்தை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அது நாய் மாதிரி ஊரைச் சுற்றிவிட்டு இவள் வாசலிலேயே வந்து படுக்கிறது. மாசானத்தை நினைத்தாள். இரண்டு வருஷம் முன்னால் ஓய்வுபெற்ற உதவியாளர் மாசானம். அவர்தான் அந்தக் காலத்தில் எல்லா ஓட்டுக்கும் எண் போட்டவர், வெள்ளை எனாமல் பெயிண்டில், சைக்கிளுக்கு அடிக்கிற பெயிண்டில், கோழி கிண்டின மாதிரி கையெழுத்தில், சில ஓட்டில் ஓட்டைவிட எண் பெரிசாக இருக்கும். பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவள் படித்த படிப்பின் முதல் பாடமே, பழம்பொருளுக்கு நீ எது செய்தாலும் அதை நாளைக்கு இன்னொருத்தர் எடுத்துவிடக்கூடிய மாதிரி செய் என்பதுதான். பசையா, கரைகிற பசை. சாயமா, அழிகிற சாயம். நான் வந்து போனேன் என்ற தடமே பொருளில் இருக்கக் கூடாது. ஆகவே, போன கோடையில், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, மாசானத்தின் எண்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். நானூற்று மூன்று ஓடு. எடுத்த இடத்தில் பூனைமயிர்த் தூரிகையால் கடுகளவு எழுத்தில், தண்ணீரில் கரையும் மையில், முத்து முத்தாக எழுதினாள். அதன்மேல் ஒரு பூச்சுப் பூச வேண்டும், பூசினால் தண்ணீர் போகாது. அந்தப் பிசினுக்கு மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள், இரண்டுதான் வந்தது, மூன்றாவது வரட்டும் என்று கோப்பு எங்கேயோ படுத்துக்கொண்டது. பூச்சு வந்ததும் பூசிக்கொள்ளலாம், தற்காலிகமாக இப்படி இருக்கட்டும். தற்காலிகமாக. அரசாங்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பதினெட்டு வருஷ சர்வீஸில் தெரியாமலா இருந்தது? தெரியும். பெங்களூர்க் கருத்தரங்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். திரையில் முன், பின் என்று இரண்டு படம் போட்டாள், மாசானத்தின் எழுத்து வந்ததும் கூடத்தில் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நடுமண்டையில் ஆணி அடிக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். பொருளில் தடம் விடாதே என்றார்கள், விடவில்லை, வெள்ளம் வந்து இவள் செய்த நல்ல காரியத்தைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"மேடம், ஒரே பக்கத்துல ரெண்டு தாள் வைக்கிய" என்றாள் ஆவுடை. ஆமாம். உருவினாள். கை பாட்டுக்குச் செய்யட்டும் என்று விட்டால் கையும் இப்படி. அந்த நாளை நினைத்துப் பார்த்தால் போதும், முந்நூற்று நாற்பது எழுதிய அந்த ஐந்து நிமிஷத்தை. நினைவிருக்கிறது, அதுதான் எரிச்சல், நன்றாக நினைவிருக்கிறது. புதன்கிழமை. கரண்ட் போய் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடு இடது உள்ளங்கையில், தூரிகை வலது கையில், அப்போது வீட்டுக்காரர் போன். சிலிண்டர் வந்திருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் பாருங்க, அங்கே இல்லேன்னா உளுந்து டின்னுக்குப் பின்னால் என்று சொல்லிக்கொண்டே மூன்று எழுதி, நாலு எழுதி, பூஜ்யம் சுழிக்கும்போது அவர் "எந்த டின்னு உளுந்து?" என்று கேட்டதில் கை ஆடிப் பூஜ்யத்துக்கு ஒரு வால் வந்துவிட்டது. அந்த வால் ஞாபகம் இருக்கிறது. தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் ஜன்னலுக்கு வெளியே குடையோடு போனது ஞாபகம் இருக்கிறது. உளுந்து டின்னின் மூடியில் உள்ள நெளிசல் ஞாபகம் இருக்கிறது, அது அங்கே இல்லவே இல்லை, வீட்டில் இருந்தது. கையில் இருந்த ஓடு மட்டும் ஞாபகம் இல்லை. இல்லை என்பதும் சரியில்லை. எலிக்கடி ஓட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால் உள்ளங்கையில் எலிக்கடி இருக்கிறது, கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் அழகாகப் பொருந்துகிறது. ஓரத்தில் சுண்ணாம்புப் புள்ளி உள்ளதை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஜன்னல் வெளிச்சத்தில் புள்ளி மினுங்குகிறது. மூன்றாவது கொஞ்சம் வளைசல் அதிகம். அதை நினைத்தால் வளைசலில் எழுதச் சிரமப்பட்டதால்தான் வால் வந்தது என்றுகூடத் தோன்றுகிறது. மனசு என்ன கழுதையா, எந்தச் சுமையை ஏற்றினாலும் சுமக்கிறதே.

அம்மா வீட்டில் எவர்சில்வர்ச் செம்பிலிருந்து கரண்டிவரை பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் கடைக்காரன் டுர்ர்ரென்று புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பான். விசேஷ வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வர வேண்டுமே. இந்த ஏணிக்காரனும் அதைத்தானே செய்திருக்கிறான். என் பானை, என்னுடையது, எவனும் மாற்றிக்கொண்டு போய்விடாதே என்று ஆணியோ எலும்போ எடுத்து அழுத்திக் கீறியிருக்கிறான், கீறினால் போகாது என்று தெரிந்து. படிப்பில்லாதவன். மாசானமும் அந்தக் கட்சி. ஓய்வுபெறுகிற அன்றைக்கு இவள் எனாமலைத் துடைக்கப்போவதைச் சொன்னபோது, "நம்பர் போட்டா ஒட்டிக் கெடக்கணும் மேடம், இல்லேன்னா எதுக்குப் போடணும்?" என்று கேட்டார், கேள்வியாகத்தான் கேட்டார், குத்தலாக இல்லை. இவள் முதல் பாடத்தை விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டு, "நீங்க படிச்சவங்க" என்றார். அதையும் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

சரி, இப்போது என்ன. எலிக்கடியைப் போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மூன்றில் ஒன்று சரியாக இருக்க வாய்ப்பு. அருளப்பன் சார் எழுந்து வரப்போவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டால் பேத்தியும் பாட்டி மாதிரிதான் இருப்பாள். தெரியாது என்று எழுதினால் முதல் கேள்வி, ஏன் தெரியாது. இரண்டாவது கேள்வி, பழைய எண்ணை யார் உத்தரவில் அழித்தாய். மூன்றாவது, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்போவதாகப் பதினேழு-பி குறிப்பாணை, விளக்கம் கேட்டு, அடுத்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு ஆற்றோடு போகும். அதுகூடப் பரவாயில்லை. இந்தத் துறையில் வடிவு கை வைத்தால் சுத்தம் என்றொரு பெயர். அதுவும் போய்விடும். பயமாக இருந்தது, வெட்கம்கெட்ட பயம். எலிக்கடிதான், அதுதான், நேற்றே வாயில் வந்ததே, வாய்க்குத் தெரியாதா. அப்போது அப்பா ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றால் கேட்கவா செய்கிறது. கடைசி வருஷம் அப்பா இவளைச் சரசு என்றுதான் கூப்பிடுவார். சரசு அவர் தங்கை, செத்துப் பத்து வருஷம். "அப்பா, நான் வடிவு" என்றால் சிரிப்பார், சின்னப் பிள்ளை பொய் சொன்னால் சிரிக்கிற மாதிரி. "எனக்குத் தெரியாதாக்கும், நீ சரசுதான்." அந்த முகத்தில் துளி சந்தேகம் இருக்காது. இவளுக்கே ஒரு நொடி, நான் யார் என்று ஆகிவிடும். மறதியை இவள் பொறுத்துக்கொண்டிருப்பாள், அந்தத் தீர்மானத்தைத்தான் பார்க்க முடியவில்லை. நேற்று இளம்பரிதியிடம் பேசிய குரல் யாருடைய குரல் என்று இப்போது விளங்கியது.

"ஆவுடையக்கா, அந்த மல்துணியை எடுங்க" என்றாள். மூன்று ஓட்டையும் தனித்தனியாகத் துணியில் பொதிந்து, ஓரம் கைக்குத் தட்டாதபடி நாலாக மடித்து, மாற்றி மாற்றிக் கையில் வைக்கச் சொன்னாள். "எதுக்கு மேடம்?" "வைங்க, சொல்றேன்." சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையைப் பின்னால் நீட்டினாள். அன்றைக்கு அது இந்தக் கையில்தானே இருந்தது. கண் மறக்கலாம், உள்ளங்கை கனத்தை மறக்குமா. முதலாவது வந்தது, ம்ஹூம். இரண்டாவது உட்கார்ந்த உடனேயே தெரிந்துவிட்டது, அந்த உட்காரல், அந்தக் குளிர்ச்சி. "இதுதான்." பிரித்தாள் ஆவுடை. சுண்ணாம்புப் புள்ளி. எலிக்கடி இல்லை. வடிவு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். "மறுபடி வைங்க." இந்தத் தடவை முதலாவதே. இதில் சந்தேகமே இல்லை, போனதடவைதான் தப்பு, இது அந்தப் புதன்கிழமை, தோளில் போன் அழுந்துவதுகூடத் தெரிந்தது. "இதுதான்." வளைசல் ஓடு. "இன்னொரு தடவை." மூன்றாம் தடவை எலிக்கடி வந்தது, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு நிச்சயமாக வந்தது. ஆவுடை துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எது வந்தாலும் இதுதான் இதுதாங்கியளே மேடம்." வடிவு கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஈரம் ஜன்னல் அடிக்கட்டை வரை ஏறியிருந்தது, பொதுப்பணித்துறைக்காரர் பார்க்காமல் போன ஈரம்.

பிறகு படிவத்தை இழுத்து எழுதினாள். மூன்று ஓட்டுக்கும் ஆழம் என்ற கட்டத்தில் தெரியாது, தெரியாது, தெரியாது. குறிப்பு என்ற கட்டம் சின்னது. ஓரத்தில் திருப்பி, கீழே இறக்கி, சந்து பொந்தெல்லாம் புகுந்து எழுதினாள்: நிலையான பழைய எண்களை நான் நீக்கினேன், மேற்பூச்சு இல்லாமல் கரையும் மையில் புதிய எண் எழுதினேன், யாரும் உத்தரவிடவில்லை, மற்ற நானூறு ஓடுகளுக்கும் இதுவே. கையெழுத்துப் போடும்போது கை ஆடவில்லை, அது ஒன்றுதான் இன்றைக்குச் சொன்னபடி கேட்டது. பன்னிரண்டே காலுக்கே ஆவுடை வாசலைப் பார்த்து, "சார் வாராவ" என்றாள். இளம்பரிதி நின்றபடியே படித்தார். மேலிருந்து கீழே ஒருதரம், மறுபடி ஒருதரம். "நேத்து எலி கடிச்சதுதான்னு சொன்னீங்களே மேடம். நான் சென்னைக்குச் சொல்லிட்டேனே."

"தெரியாம சொல்லிட்டேன் சார்."

"இந்தக் குறிப்பு... இதை யாரும் கேக்கலையே. வெள்ளத்துல போச்சுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

"வெள்ளத்துல ஒண்ணும் போகல சார். ஓடு அப்படியே இருக்கு."

அவர் தட்டிலிருந்து ஒரு ஓட்டை எடுத்தார். எலிக்கடி. திருப்பி ஏணியைப் பார்த்தார், உட்பக்கத்தின் வெறும் கருப்பைப் பார்த்தார். அவருக்கும் பாவம் இது வேலைதான். நாளைக்கு அவர்தான் போனில் பேச்சு வாங்க வேண்டும். "அப்போ இந்தக் குறி எவ்வளவு பழசுன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கேட்டார், அதட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வடிவு ஊறிய தாள்களைக் கொடியில் போடுவதற்காக அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் கை வைக்கிறதுக்கு முந்தி தெரிஞ்சிருந்துச்சு, அப்படின்னு சொல்லுங்க சார்" என்றாள்.